அப்போஜி எம்க்யூ-510 பார் மீட்டர்: கல் பவளத்தை ஒட்டுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள்

கல் பவளம் வளர்க்கத் தொடங்குகிறவர்கள் விளக்குக்கும் கழிவை நுரையாக எடுக்கும் ஸ்கிம்மருக்கும் தாதுக் கரைசலை அளந்து விடும் டோசிங் பம்புக்கும் நிறையச் செலவு செய்கிறார்கள். அந்த விளக்கு தொட்டிக்குள் எந்த இடத்தில் எவ்வளவு ஒளி தருகிறது என்று அளந்து பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. பவளத்தை வாங்கி வந்து, கண்ணுக்கு அழகாகத் தெரிகிற பாறை உச்சியில் வைப்பார்கள். ஒரு வாரத்தில் அது வெளுக்கும். கீழே இறக்குவார்கள். அங்கே பழுப்பாகும். மறுபடி மேலே போகும். இப்படி இடம் மாறி மாறியே பல பவளங்கள் செத்துப் போகின்றன. இந்த அலைக்கழிப்பை நிறுத்த ஒரு கருவி இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். அப்போஜி நிறுவனத்தின் எம்க்யூ-510 என்ற பார் மீட்டரை, அதாவது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவியை, பல மாதங்களாக என் ரீஃப் தொட்டியில் பயன்படுத்தி வருகிறேன். வாங்கலாமா என்று கேட்டால், எஸ்.பி.எஸ் (அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கல் பவளம்) வளர்ப்பவர் தயங்காமல் வாங்கலாம். எல்.பி.எஸ் (சதைப்பற்றுள்ள பெரிய பாலிப் கல் பவளம்) மட்டும் வைத்திருப்பவர் யாரிடமாவது இரவல் வாங்கி ஒரு முறை அளந்தால் போதும்.

முதலில், கண்ணால் பார்த்து முடிவு செய்தால் ஏன் சரிவராது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் கண்ணுக்குப் பச்சை ஒளிதான் மிகப் பிரகாசம், 555 நானோமீட்டர் பக்கம். லக்ஸ் மீட்டரும் அதே கண்ணின் கணக்கில்தான் அளக்கிறது. ஆனால் ரீஃப் விளக்குகள் பெரும்பாலும் 420 முதல் 470 நானோமீட்டர் வரையிலான ஊதா, நீல ஒளியைத்தான் கொட்டுகின்றன. பவளத்தின் சதைக்குள் வாழும் ஸூஸான்தெல்லே பாசிக்கு அந்த நீலம் முழுச் சாப்பாடு. நமக்கோ அது மங்கலாகத் தெரிகிறது. அதனால் முழு நீலத்தில் ஓடுகிற தொட்டியைப் பார்த்து, இருட்டாக இருக்கிறதே, விளக்கைக் கூட்டலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் மேல் பாறையில் இருக்கிற பவளம் ஏற்கெனவே தாங்க முடியாத அளவு ஒளியை வாங்கிக்கொண்டிருக்கலாம். கைபேசியின் ஒளி சென்சாரை நம்புகிற செயலிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. தண்ணீருக்குள் அதை இறக்கவும் முடியாது.

பார் மீட்டர் ஒளித்துகள்களை எண்ணுகிறது. 400 முதல் 700 நானோமீட்டர் வரை, ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுகிற அலைநீளங்களில், ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் ஒளித்துகள் விழுகிறது என்பதுதான் திரையில் தெரியும் எண். வெட்டவெளியில் உச்சி வெயில் கிட்டத்தட்ட 2000. இனி இந்தக் கட்டுரையில் வெறும் எண்ணாக 100, 200 என்று சொன்னால் அந்த அலகில்தான்.

கருவி எளிமையானது. கையில் பிடிக்கிற ஒரு சிறிய திரைப்பெட்டி, அதிலிருந்து 2 மீட்டர் நீளக் கேபிள், முனையில் ஒரு சிறிய சென்சார். சென்சாரை மாட்டுகிற நீளமான கோல் தனியாகவும் சேர்த்தும் கிடைக்கிறது. அதைக் கண்டிப்பாகச் சேர்த்து வாங்குங்கள், ஏனென்றால் கோல் இல்லாமல் கையால் பிடித்து அளந்தால் சென்சார் சாயும், முழங்கை வரை தண்ணீருக்குள் போகும், கையின் நிழலும் சென்சாரின் மேல் விழும். சென்சார் நேராக மேல்நோக்கி இருந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

இதே நிறுவனத்தில் பல மாடல்கள் இருக்கின்றன, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். பழைய எம்க்யூ-200 வகைச் சென்சார் ஏறத்தாழ 410 முதல் 655 நானோமீட்டர் வரைதான் சரியாகப் பிடிக்கும், நீல எல்.இ.டி ஒளியைக் குறைத்துக் காட்டும். ரீஃப் விளக்கில் பாதிக்கு மேல் நீலம் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. 500 வரிசைச் சென்சார் 389 முதல் 692 வரை பிடிக்கிறது, ஆக நீலமும் ஊதாவும் கணக்கில் வந்துவிடுகின்றன. அந்த வரிசையில் எம்க்யூ-500 காற்றில் அளப்பதற்கானது. அதைத் தண்ணீரில் இறக்கினால் எண் குறைவாக வரும், 1.32 ஆல் பெருக்க வேண்டும். சென்சாரின் வெள்ளை முகத்தில் காற்று படும்போது ஒளி நுழைகிற விதம் வேறு, தண்ணீர் படும்போது வேறு, தண்ணீரில் கூடுதல் ஒளி வெளியே சிதறிப் போய்விடுகிறது. எம்க்யூ-510 இந்தப் பெருக்கலைத் தானே செய்துவிடுகிறது, தொட்டிக்குள் காட்டுகிற எண்ணை அப்படியே எழுதிக்கொள்ளலாம். ஆனால் இதே கருவியைத் தண்ணீருக்கு வெளியே விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தால் எண் கூடுதலாகத்தான் காட்டும், அப்போது 1.32 ஆல் வகுக்க வேண்டும். விளக்கின் உயரத்தை மாற்றும்போது வெளியே பிடித்து அளப்பவர்கள் இதை மறந்துவிட்டுத் தப்பான எண்ணை நம்பிவிடக் கூடாது.

அளக்கிற முறை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், கருவி நன்றாக இருந்தும் அவசரத்தில் அளந்து பயனில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். விளக்கு நாளின் உச்ச அளவில் இருக்கும்போது அளங்கள். காலையில் மெல்ல ஏறுகிற நேரத்தில் எடுத்த எண்ணுக்கு மதிப்பில்லை. அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். தொட்டியின் மேல் வலையோ கண்ணாடியோ போட்டிருந்தால் அது எப்போதும் இருப்பது போலவே இருக்கட்டும், பவளம் அதன் வழியாகத்தானே ஒளியை வாங்குகிறது. தண்ணீர்ப் பரப்பு அலைந்தால் ஒளி வரிகள் கீழே ஓடும், எண் தாவிக்கொண்டே இருக்கும். அலை பம்பைச் சற்று நிறுத்திவிட்டு அளந்தால் எண் நிலையாக நிற்கிறது. நான் இரண்டு விதமாகவும் எடுத்துப் பார்ப்பேன், பம்ப் ஓடும்போது சில நொடிகள் கவனித்து நடுவில் எங்கே நிற்கிறதோ அதை எடுத்துக்கொள்வேன்.

தொட்டியை முன்பக்கமிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தின் மேலேயே எண்களை எழுதுவது மிக வசதி. பாறை உச்சி, அதன் இரு பக்கச் சரிவு, நடு அடுக்கு, குகை வாய், மணல் தரையின் நடு, நான்கு மூலைகள் என்று எல்லா இடத்திலும் வைத்துப் பாருங்கள். முதல் முறை அளப்பவருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரே உயரத்தில் இருக்கிற இரண்டு இடங்கள், இடையே ஒரு கையகலம்தான், ஒன்றில் 280, இன்னொன்றில் 130 என்று வரும். எல்.இ.டி விளக்கில் இப்படித்தான், நேர் கீழே ஒரு சூடான புள்ளி, ஓரம் போகப் போக சடாரென்று சரிவு. டி5 குழல் விளக்கில் பரவல் இன்னும் சமமாக இருக்கும். வீட்டுத் தொட்டியின் ஆழத்தில் தெளிந்த தண்ணீர் ஒளியை அதிகம் உறிஞ்சுவதில்லை, விளக்கிலிருந்து விலக விலக ஒளி விரிந்து பரவுவதால்தான் எண் குறைகிறது. ஆகவே பாறை உயரம் மட்டும் பார்த்து இடம் தேர்வு செய்வது போதாது, விளக்கின் மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்பதும் அதே அளவுக்கு முக்கியம். மேல் அடுக்கிலேயே ஓரத்தில் எல்.பி.எஸ் வைக்கத் தகுந்த மெல்லிய ஒளி இருக்கலாம், மணலிலேயே நடுவில் மான்டிபோராவுக்குப் போதுமான ஒளி இருக்கலாம். இதெல்லாம் அளக்காமல் யாருக்கும் தெரியப் போவதில்லை.

சரி, எண் கிடைத்துவிட்டது, எந்தப் பவளம் எங்கே போகும்? அக்ரோபோராவுக்கு 200 முதல் 350 வரை நல்ல இடம், 400 வரை பழக்கினால் தாங்கும் இனங்களும் உண்டு, ஆனால் வீட்டில் அதற்கு மேல் போவதில் லாபம் இல்லை. ஒரு கட்டத்துக்கு மேல் பாசியால் கூடுதல் ஒளியைப் பயன்படுத்த முடியாது, அப்புறம் மிச்ச ஒளியெல்லாம் அதற்குச் சுமைதான். மான்டிபோராவுக்கு 150 முதல் 250. பறவைக்கூடு என்று அழைக்கப்படும் செரியாடோபோரா, ஸ்டைலோபோரா, போசிலோபோரா மூன்றும் இதே எல்லையில் நன்றாகவே வளரும், எஸ்.பி.எஸ் புதிதாக வைப்பவர்கள் இவற்றில்தான் தொடங்க வேண்டும். டார்ச், ஹேமர், ஃப்ராக்ஸ்பான் ஆகிய, யூஃபிலியா என்று விற்கப்படும் வகைகளுக்கு 80 முதல் 150. கோனியோபோராவும் டங்கனும் அதே அக்கம்பக்கம். அகான் என்று விற்கப்படும் மைக்ரோமுஸா, லோபோஃபிலியா, ஸ்கோலி, ட்ராக்கிஃபிலியா இவையெல்லாம் 50 முதல் 100க்குள் சுகமாக இருக்கும். சாலிஸ் வகைகளும் அப்படியே.

லெப்டோசெரிஸ் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. எஸ்.பி.எஸ் கூட்டத்தோடு சேர்த்து விற்கிறார்கள் என்பதற்காக இதைப் பாறை உச்சியில் வைத்து வெளுக்க விடுகிறவர்கள் அதிகம். கடலில் இந்த இனத்தின் சில வகைகள் 150 மீட்டருக்கும் கீழே, நமக்கு இருட்டாகத் தெரிகிற ஆழத்தில் வாழ்கின்றன. 50, 60 என்று மீட்டர் காட்டுகிற, வேறெதற்கும் உதவாது என்று விட்டுவிட்ட நிழல் சரிவில் இதை ஒட்டிப் பாருங்கள், ஆரஞ்சு நிறம் எரிகிறது. என் தொட்டியில் இன்று மிக அழகான மூலை அதுதான். மீட்டர் இல்லாவிட்டால் அந்த மூலையை வெறும் பாறையாகவே விட்டிருப்பேன்.

இந்த எண்களெல்லாம் பவளம் பழகிய பிறகு இருக்க வேண்டிய இடம். புதிதாக வருகிற பவளம் எந்த ஒளியில் வளர்ந்தது என்று கேளுங்கள், விற்பவரிடமே மீட்டர் இருந்தால் எண்ணையே கேட்டுவிடுங்கள். தெரியவில்லை என்றால் குறைந்த பக்கத்திலிருந்து தொடங்குவதுதான் பாதுகாப்பு. ஒளி போதாமல் பவளம் சாக நாள் பிடிக்கும், ஒளி அதிகமானால் சில நாட்களிலேயே பாசியை வெளியேற்றி வெளுத்துவிடும். அக்ரோபோரா ஃப்ராக் (தாய்ப் பவளத்திலிருந்து வெட்டிய சிறு துண்டு) என்றால் 100, 120 என்று காட்டுகிற இடத்தில் ஒரு ஃப்ராக் தட்டில் வைத்து, இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக ஏற்றி, அதன் பின் நிரந்தர இடத்தில் ஒட்டுங்கள். பவளத்தை நகர்த்தாமல் விளக்கை நகர்த்துகிற வழியும் உண்டு. புதிய விளக்கு மாட்டும்போது மீட்டரை வைத்துப் பழைய விளக்கின் எண் வரும்வரை குறைத்துவிட்டு, வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது. விளக்கு மாற்றும்போதுதான் பெரிய சேதங்கள் நடக்கின்றன. எண்பது சதவீதத்தில் வைத்தேன், அறுபதில் வைத்தேன் என்று பேசுவதில் பொருளே இல்லை, ஒரு விளக்கின் அறுபது இன்னொன்றின் இருபதாக இருக்கலாம். இந்த ஒரு வேலைக்காகவே மீட்டர் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

நேரமும் கணக்கில் சேரும். 300 அளவில் 8 மணி நேரம் எரிந்தாலும் 200 அளவில் 12 மணி நேரம் எரிந்தாலும் ஒரு நாளில் பவளத்துக்குச் சேரும் மொத்தம் ஒன்றுதான், 8.64 மோல். விளக்கு வலுவில்லை என்று கவலைப்படுபவர்கள் முதலில் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். நாள் மொத்தத்தைக் கூட்டித் தருகிற வசதி இந்தக் கருவியிலேயே இருக்கிறது, சென்சாரை ஓரிடத்தில் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டால் கணக்கு வந்துவிடும். காலை ஏற்றம், மாலை இறக்கம் எல்லாம் சேர்ந்து வருகிற உண்மையான தொகை அது.

மீட்டரால் கிடைத்த இன்னொரு பெரிய பயன், நோயைப் பிரித்துப் பார்க்க முடிவது. அக்ரோபோரா பழுப்பாகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒளி போதாமல் பாசி தன் பச்சையத்தைப் பெருக்கிக்கொள்கிறது, அல்லது தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடி பாசி பெருகிவிட்டது. கண்ணுக்கு இரண்டும் ஒரே பழுப்புத்தான். அந்த இடத்தில் 250 என்று மீட்டர் காட்டினால் விளக்கைத் தொடவே வேண்டாம், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் சோதியுங்கள். வெளுப்பதும் அப்படித்தான். 150 மட்டுமே விழுகிற இடத்தில் மான்டிபோரா வெளுக்கிறதென்றால் ஒளியைக் குற்றம் சொல்ல முடியாது, தண்ணீர் அளவுக்கு மீறிச் சுத்தமாகிவிட்டதா, பாஸ்பேட் பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டதா என்று பாருங்கள். நான் நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம்முக்குள்ளும் பாஸ்பேட்டை 0.05 பக்கத்திலும் வைத்துக்கொள்கிறேன். பூஜ்யத்தைத் துரத்திக்கொண்டு ஓடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை, பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும்.

ஒளியைக் கூட்டினால் ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் வகை உப்புகளின் அளவு, டி.கே.எச் என்ற அலகில் சொல்வார்கள்) செலவும் கூடும், இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பகலில் ஒளிச்சேர்க்கை வேகமாக நடக்க நடக்கப் பவளம் தன் சுண்ணாம்புக் கூட்டையும் வேகமாகக் கட்டுகிறது, அதற்கான கார்பனேட்டும் கால்சியமும் தண்ணீரிலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. 2.8 டி.கே.எச் ஆல்கலினிட்டி இறங்கினால் அதனுடன் கால்சியம் சுமார் 20 பிபிஎம் இறங்கும், கால்சியம் கார்பனேட்டின் கணக்கு அப்படி. கால்சியம் 420இல் இருக்கும்போது 20 குறைந்தது சோதனையில் சரியாகத் தெரியக்கூட மாட்டாது, ஆனால் 8.5இல் இருந்த ஆல்கலினிட்டி 5.7க்கு வந்துவிட்டால் அக்ரோபோராவின் நுனி வெந்து சதை உரியத் தொடங்கும். ஆகவே விளக்கை ஏற்றுகிற வாரங்களில் ஆல்கலினிட்டியைத் தினமும் ஒரே நேரத்தில் சோதியுங்கள், குறைகிற அளவுக்கு மட்டும் டோஸைக் கூட்டுங்கள். 8 முதல் 9க்குள் எந்த எண்ணில் வேண்டுமானாலும் இருக்கட்டும், அது ஆடாமல் இருப்பதுதான் பெரிது. கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350, உப்பு 35 பிபிடி, வெப்பம் 25 அல்லது 26 டிகிரி. இவை சரியாக இல்லாத தொட்டியில் பார் மீட்டர் வாங்கி ஒரு பயனும் இல்லை, அந்தப் பணத்தில் முதலில் நல்ல சோதனைக் கருவிகள் வாங்குங்கள்.

இனி மீட்டர் சொல்லாதவை. இடத் தேர்வில் ஒளி பாதிதான். மீதிப் பாதியில் நீரோட்டம் முதலில் வருகிறது. அக்ரோபோராவுக்கு வலுவான, திசை மாறி மாறி வருகிற ஓட்டம் வேண்டும், கிளைகளுக்கிடையே அழுக்கு தங்கக் கூடாது. எல்.பி.எஸ் சதைக்கு அதே ஓட்டம் நேராக அடித்தால் கூட்டின் கூரான விளிம்பில் சதை உரசிக் கிழியும். டார்ச்சின் கொம்புகள் மெல்ல ஆடினால் இடம் சரி, ஒரே பக்கம் சாய்ந்து விறைத்துக் கிடந்தால் ஓட்டம் அதிகம், அசைவே இல்லையென்றால் குறைவு. இதற்குக் கருவி வேண்டாம், பத்து நிமிடம் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். ட்ராக்கிஃபிலியாவும் தட்டுப் பவளமான ஃபங்கியாவும் மணலில்தான் இருக்க வேண்டும். மீட்டர் பாறையில் நல்ல எண் காட்டுகிறது என்று அவற்றைப் பாறையில் ஏற்றாதீர்கள், ஊதிப் பெருக்கிற சதை பாறையின் முனையில் குத்துப்படும், ஃபங்கியா தானே நகர்ந்து விழவும் செய்யும்.

அடுத்தது அண்டை வீட்டுக்காரர். பகலில் அடக்கமாக இருக்கிற கேலக்ஸியா, இரவில் 30 செ.மீ. வரை கூட நீள் கொம்புகளை ஓட்டத்தின் திசையில் வீசி, எட்டுகிறதையெல்லாம் கொட்டும். யூஃபிலியா வகைகளும் தங்கள் அளவில் இதைச் செய்யும். காலையில் பக்கத்துப் பவளத்தில் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகிச் சதை போயிருந்தால், ஒளியையோ தண்ணீரையோ சந்தேகிப்பதற்கு முன்னால் விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்து கைவிளக்கு வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். ஹேமரும் ஃப்ராக்ஸ்பானும் ஒன்றையொன்று தொட்டாலும் பெரும்பாலும் சமாதானமாக இருக்கும், டார்ச்சை அவற்றோடு சேர்க்க வேண்டாம். வேகமாகப் படர்கிற மான்டிபோரா இன்னொரு வகைத் தொல்லை. கேப்ரிகார்னிஸ் தட்டு தட்டாக விரியும்போது கீழே இருப்பதற்கு நிழல் விழுகிறது. ஆறு மாதத்துக்கு முன்னால் 120 காட்டிய இடம் இன்று 40 காட்டும். பவளம் வளர வளர வரைபடமும் பழையதாகிறது, மறுபடி அளக்க வேண்டும்.

ஒட்டுவதைப் பற்றி நான்கு வரி. ஜெல் வகை சயனோஅக்ரிலேட் பசைதான் ஃப்ராக்குக்கு நல்லது, நீர்த்த பசை தண்ணீரில் நிற்காது. ஒட்டும் பாறையை டூத்பிரஷால் தேய்த்துவிட்டு, பிளக்கின் (ஃப்ராக் ஒட்டியிருக்கும் சிறு அடிக்கட்டை) அடிப்பக்கத்தைத் துடைத்து, கொழுக்கட்டை அளவு பசை வைத்து அழுத்தி லேசாகத் திருகுங்கள், தண்ணீர் பட்டதும் பசையின் மேல் உருவாகிற தோல் அப்போதுதான் உடைந்து பாறையைப் பிடிக்கும். கனமான கிளை என்றால் பசை, அதன் மேல் இரு பகுதி எபாக்ஸி உருண்டை, அதன் மேல் மறுபடி பசை என்று அடுக்காக வையுங்கள். எபாக்ஸி போட்ட அன்று ஸ்கிம்மர் பொங்கி வழியும், கப்பை உயர்த்தி வையுங்கள் அல்லது சில மணி நேரம் நிறுத்திவிடுங்கள். ஒட்டுவதற்கு முன்பே டிப் செய்து (புழுப்பூச்சி போக மருந்துக் கரைசலில் முக்கி), அக்ரோபோராவாக இருந்தால் அடிப்பக்கத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்துவிடுங்கள். தட்டைப்புழு டிப்பில் உதிர்ந்தாலும் அதன் முட்டை உதிராது, அதனால் பழைய பிளக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதிய பிளக்கில் ஏற்றுவதே மேல்.

கருவியின் குறைகளையும் சொல்ல வேண்டும். சென்சார் முழுக்கத் தண்ணீருக்குள் போகலாம், திரைப்பெட்டி போகக் கூடாது. தொட்டியின் மேல் குனிந்து ஒரு கையில் கோலும் மறு கையில் பெட்டியுமாக வேலை செய்கிற ஒருவருக்கு இது உண்மையான பயம். இன்னொருவர் பெட்டியைப் பிடித்து எண்ணை எழுதினால் நிம்மதி. நினைவகத்தில் 99 அளவுகள் சேமிக்க முடியும், ஆனால் எந்த எண் எந்த இடத்துடையது என்று அது சொல்லாது, ஆகவே காகிதமும் பேனாவும் தவிர்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் சென்சாரை நல்ல தண்ணீரில் கழுவி, வெள்ளை முகத்தை மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள், உப்பு படிந்தால் எண் குறையும். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை அளவுத்திருத்தத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள், கடல் தாண்டி அனுப்ப வேண்டியவர்களுக்கு அது சிரமம்தான். துல்லியத்தில் ஐந்து சதவீத விலகல் இருக்கும் என்று நிறுவனமே சொல்கிறது, 200க்கும் 210க்கும் இடையே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அதைவிட முக்கியமான ஒரு எல்லை உண்டு. சென்சார் மேலிருந்து விழுகிற ஒளியைத்தான் அளக்கிறது. கிளைவிட்ட அக்ரோபோராவின் பக்கவாட்டுக்கும் அடிக்கும் எவ்வளவு கிடைக்கிறது என்று ஒரே அளவில் தெரியாது. சென்சாரைப் பக்கவாட்டில் திருப்பி அளந்து ஒப்பிட்டால் ஓரளவு பிடிபடும். பெரிய காலனியின் அடியில் எண் 50க்குக் கீழே போய்விட்டால், அங்கே சதை மெல்ல விலகுவதற்குக் காரணமும் தெரிந்துவிடுகிறது. நடுவில் சில கிளைகளை வெட்டி ஒளி இறங்க வழி விடுங்கள், வெட்டியவை ஃப்ராக்காக ஆகும். நிறமாலையும் இதில் தெரியாது. 200 என்பது முழு நீலத்தில் வந்த 200ஆ வெள்ளையில் வந்ததா என்று கருவிக்குத் தெரியாது. பவளத்துக்கு அது வேறுதான், முக்கியமாக நிறத்தில். நீலமும் ஊதாவும் ஒளிரும் புரதங்களைத் தூண்டுவதால் ஒரே எண்ணில் இரண்டு தொட்டிகளின் நிறம் வேறாக இருக்கும். நீலம் மேலோங்கிய கலவையில் எண்ணைச் சரிசெய்துகொண்டு, உங்கள் கண்ணுக்குப் பிடித்த அளவு வெள்ளையைச் சேர்த்துவிட்டு மறுபடி அளப்பது நல்ல வழி.

இதற்கு மாற்றாக சென்ஐ ரீஃப் என்ற கருவி இருக்கிறது, தொட்டியிலேயே இருந்து பி.எச், அம்மோனியா, வெப்பத்தோடு ஒளியையும் பார்க்கிறது. எல்லாம் ஒன்றில் வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தும். இடம் இடமாகக் கொண்டு போய் வரைபடம் போடுகிற வேலைக்குக் கோலில் மாட்டிய அப்போஜி சென்சார்தான் கைக்கு எளிது, எண்ணும் உடனே வருகிறது.

அடிக்கடி தேவைப்படுகிற கருவி இல்லை இது. தொட்டி அடுக்கும்போது, விளக்கு மாற்றும்போது, டி5 குழல் வைத்திருப்பவர்கள் ஒன்பது மாதம் தாண்டி வெளிச்சம் சரிந்ததா என்று பார்க்கும்போது, பவளம் பெரிதாகி நிழல் விழும்போது, அவ்வளவுதான். மற்ற நாளெல்லாம் பெட்டியில்தான் இருக்கும். அதனால் தனியாக வாங்குவது கனமாகத் தெரிந்தால் பவளம் வளர்க்கிற நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். இரவல் வாங்கியவர் கழுவாமல் திருப்பித் தரக் கூடாது, திரைப்பெட்டியை ஒரு ஜிப் பைக்குள் போட்டே பயன்படுத்த வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.